பிளக் கேப் பார்க்க எந்த கேஜ் வாங்கலாம்? கடையில் கிடைக்கும் நான்கு கருவிகளும் ஒரு ஹாக்ஸா பிளேடும்

புதுச்சேரியிலும் கடலூரிலும் பிளக் கேப் பார்க்க, அதாவது ஸ்பார்க் பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவே பொறி தாண்டும் இடைவெளியை அளக்க, ஹாக்ஸா பிளேடை எடுக்கும் கைகள் இன்னும் இருக்கின்றன. அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. கையால் அறுக்கும் ஹாக்ஸா பிளேடின் முதுகுப் பக்கத் தடிமன் ஏறத்தாழ 0.63 மி.மீ. பாயின்ட், கண்டென்சர் வைத்து ஓடிய அம்பாசடர் காலத்துப் பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டிய இடைவெளியும் கிட்டத்தட்ட அதுதான். பிளேடு உள்ளே லேசாக உரசிப் போனால் கேப் சரி. அந்தக் காருக்கு அந்த அளவுகோல் பொருத்தமானதே.

இப்போது ஓடும் பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு அது பொருந்தாது. ஹூண்டாய், ஹோண்டா எஞ்சின்கள் பலவற்றில் கேப் 1.0 முதல் 1.1 மி.மீ. கார்புரேட்டர் மாருதி 800-க்கே 0.7 முதல் 0.8 வேண்டும். 1.1 வைக்க வேண்டிய பிளக்கை 0.63-க்குத் தட்டி மாட்டினால் இடைவெளி வேண்டிய அளவில் பாதியைவிடச் சற்றே அதிகம் என்ற அளவுக்குக் குறுகிவிடுகிறது. கார் ஓடும், ஸ்டார்ட்டும் ஆகும். ஐடிலிங்கில் மட்டும் ஸ்டியரிங் லேசாக நடுங்கும், ஏசி போட்டால் நடுக்கம் கூடும். "புது பிளக்தான் போட்டோமே" என்று சொல்லி, அடுத்து பிளக்குக்கு வோல்ட் ஏற்றித் தரும் காயிலை மாற்றுவார்கள். காயிலில் கோளாறு எதுவும் இருக்காது.

ஆகவே முதலில் ஒரு நல்ல கேஜ் வேண்டும். நம் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலும் ஆன்லைனிலும் நான்கு வகை கிடைக்கின்றன: சாவி வளையத்தில் மாட்டும் காசு கேஜ், பட்டறையில் பில்லர் கேஜ் என்று சொல்லும் பிளேடு கட்டு, கம்பி கேஜ், பிளேயர் போன்ற கேப் கருவி. எங்கள் தேர்வு கம்பி கேஜ். சொந்தக் காரைத் தானே பார்த்துக்கொள்பவருக்கு அது ஒன்று போதும். பில்லர் கேஜும் பயனுள்ளதே, ஆனால் பிளக்குக்கு அது இரண்டாம் இடம். காசு கேஜைப் பிளக் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஏன் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிக மலிவாகக் கிடைப்பதும் மிக அதிகம் விற்பதும் அதுதான்.

காசு கேஜ் வட்டமாக, பழைய ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதன் விளிம்பு ஓரிடத்தில் மெல்லியதாகத் தொடங்கிச் சுற்றிவரச் சுற்றிவரத் தடிக்கும். பிளக்கின் இடைவெளியில் மெல்லிய இடத்தை நுழைத்துச் சுழற்ற வேண்டும். எங்கே இறுகுகிறதோ அங்கே உள்ள எண்ணைப் படிக்க வேண்டும். இதில் முதல் குறை கணக்கிலேயே இருக்கிறது. வழக்கமான காசு கேஜ் 0.020 அங்குலத்திலிருந்து 0.100 அங்குலம் வரை அளக்கும், அதாவது ஏறத்தாழ 0.5 முதல் 2.5 மி.மீ. விளிம்பின் நீளம் சுமார் 100 மி.மீ. என்று வைத்தால், ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் தடிமன் 0.02 கூடுகிறது. சாதாரண நிக்கல் பிளக்கின் மைய எலக்ட்ரோடு 2.5 மி.மீ. அகலம். அந்த அகலத்துக்குள்ளேயே கேஜின் தடிமன் 0.05 மாறிவிடுகிறது. இறுகுவது தடித்த ஓரத்தில், கண் எண்ணைப் படிப்பது நடுவில். 1.0 முதல் 1.1 என்று கம்பெனி கொடுக்கும் மொத்தச் சலுகையே 0.1 தான். அதில் பாதியைக் கருவியே தின்றுவிடுகிறது.

இரண்டாம் குறை அதைவிட மோசமானது. காசை இறுகும் இடத்தைத் தாண்டி அழுத்திச் சுழற்றினால் இடைவெளி அகலும். பலர் கேப் கூட்டுவதே அப்படித்தான். அந்த விசை கொக்கியை மேலே தள்ளும்போது, அதே அளவு விசை மைய எலக்ட்ரோடைக் கீழே அழுத்துகிறது. (மேலே வளைந்து நிற்கும் எர்த் எலக்ட்ரோடைப் பட்டறை வழக்கப்படி கொக்கி என்றே சொல்கிறோம்.) நிக்கல் பிளக் சில வேளை தாங்கும். இரிடியம் பிளக் தாங்காது. டென்சோவின் இரிடியம் பவர் வகையில் மைய முனை 0.4 மி.மீ., என்ஜிகே இரிடியம் ஐஎக்ஸ் வகையில் 0.6 மி.மீ. இரிடியம் மிகக் கடினமான உலோகம், ஆனால் வளையாது, உடையும். பக்கவாட்டில் ஒரு நெம்பு போதும், முனை பெயர்ந்து எங்கோ விழும். விழுந்தது கண்ணுக்குத் தெரிந்தால் நல்லது. தெரியாமல் போவது மைய எலக்ட்ரோடைச் சுற்றியுள்ள பீங்கான் மூக்கில் விழும் முடி போன்ற விரிசல். அந்த பிளக் கையில் நன்றாக இருக்கும், எஞ்சினில் சூடேறி அழுத்தம் கூடியதும் பொறி இடைவெளியைத் தாண்டாமல் விரிசல் வழியே பாடிக்கு ஓடிவிடும். வண்டி மிஸ்ஸிங் அடிக்கும், அதாவது சிலிண்டரில் கலவை சில சுற்றுகளில் பற்றாமல் போகும்.

மூன்றாவது, எண்கள். பல காசு கேஜ்களில் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் மில்லிமீட்டர். அவசரத்தில் பக்கம் மாறினால் கதை கெட்டது. நினைவில் வைக்கச் சில: 0.028 அங்குலம் 0.71 மி.மீ., 0.032 என்பது 0.81, 0.035 என்பது 0.89, 0.040 என்பது 1.02, 0.044 என்பது 1.12.

இனி பில்லர் கேஜ். டாப்பட் கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி) பார்க்க எந்தப் பட்டறையிலும் இருப்பது. பிளேடுகள் தட்டையாக, தடிமன் பொறித்து இருக்கும். அளவு நம்பகமானது. ஒரு தரமான கட்டின் 0.80 பிளேடு 0.80 தான் இருக்கும். புது நிக்கல் பிளக்கில் மைய எலக்ட்ரோடின் தலை தட்டை, கொக்கியின் அடிப்பக்கமும் தட்டை. அங்கே பில்லர் கேஜ் நன்றாக அளக்கும்.

சிக்கல் பழைய பிளக்கில். பொறி அடித்து அடித்துக் கொக்கியின் அடிப்பக்கத்தில் சிறு குழி விழுந்திருக்கும், மைய எலக்ட்ரோடின் ஓரங்கள் தேய்ந்து உருண்டிருக்கும். தட்டைப் பிளேடு குழிக்குள் இறங்காது. குழியின் இரு கரைகளில் பாலம் போல உட்கார்ந்துகொள்ளும். அளவு 0.9 என்று காட்டும், குழியின் ஆழத்தோடு சேர்த்தால் உண்மையில் 1.1-க்கும் மேல் இருக்கும். 20,000 கிலோமீட்டர் ஓடிய பிளக்கைப் பில்லர் கேஜ் வைத்துப் பார்த்து "கேப் அப்படியே இருக்கு" என்று திரும்ப மாட்டுவது இதனால்தான். கருவி பொய் சொல்லவில்லை, அளக்க வேண்டிய இடத்தை அது தொடவே இல்லை.

இன்னொன்று: கடையில் பொதுவாகக் கிடைக்கும் கட்டு 0.05-இலிருந்து 1.00 வரைதான். 1.1 பார்க்க 1.00-ஐயும் 0.10-ஐயும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இடையே ஒரு துளி கிரீஸோ தூசியோ இருந்தால் அளவு கூடும். சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டையும் பெட்ரோலில் துடைத்துவிட்டுப் பிடியுங்கள்.

கம்பி கேஜ் பார்க்க எளிய பொருள். ஒரு உலோகத் தகட்டைச் சுற்றி வளையம் வளையமாகக் கம்பிகள், ஒவ்வொன்றும் ஒரு விட்டம். கம்பி உருண்டை என்பதால் குழிக்குள் இறங்குகிறது, பொறி பாயும் உண்மையான தூரத்தை அளக்கிறது. கேஜைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலும் விட்டம் மாறாது. பிளேடைச் சாய்த்தால் அளவு மாறிவிடும். கொக்கிகள் பக்கவாட்டில் நிற்கும் இரண்டு, மூன்று கொக்கிப் பிளக்குகளிலும் கம்பிதான் நுழையும். (அந்தப் பிளக்குகளின் கேப்பைத் திருத்தக் கூடாது. பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.)

தகட்டின் ஓரத்தில் ஒரு சிறு பிளவு இருக்கும், அதுதான் இந்தக் கருவியின் பாதி மதிப்பு. கொக்கியின் நுனியை அந்தப் பிளவுக்குள் கோத்துத் தகட்டை மெல்லச் சாய்த்தால் கொக்கி மட்டும் வளையும். மைய எலக்ட்ரோடின் மீது விரலோ உலோகமோ படுவதே இல்லை. காசைச் சுழற்றிக் கேப் கூட்டும்போது கிடைக்காத பாதுகாப்பு இது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. 0.7, 0.8, 0.9, 1.0, 1.1 ஐந்தும் கட்டாயம் இருக்க வேண்டும். 0.05 இடைவெளியில் கம்பிகள் இருந்தால் இன்னும் நல்லது. கம்பியை நகத்தால் அழுத்தினால் வளைந்து நிற்கக் கூடாது, விட்டவுடன் பழைய நிலைக்கு வர வேண்டும். அச்சிட்ட எண் ஒன்று, கம்பி வேறு என்ற மலிவுச் சரக்கு கலந்து வருகிறது. வாங்கிய அன்றே ஒரு முறை மைக்ரோமீட்டரில் கம்பிகளை அளந்துவிடுங்கள். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையிலோ கடலூர் சிப்காட் பக்கத்திலோ தெரிந்த லேத் பட்டறை இருந்தால் இரண்டு நிமிட வேலை. 0.02 வரை வித்தியாசம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். 0.05 வித்தியாசம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டிஜிட்டல் வெர்னியர் இதற்குப் போதாது. அதன் சொந்தப் பிழையே 0.02, 0.03 இருக்கும்.

நான்காவது, பிளேயர் வகைக் கருவி. பிளக்கின் பாடியைப் பிடித்துக்கொண்டு திருகு மூலம் கொக்கியை நேராகக் கீழே இறக்கும் அல்லது மேலே தூக்கும். கொக்கி கோணலாகாமல் இணையாகவே நகரும். இரிடியம் பிளக் தினமும் மாட்டும் பட்டறைக்கு இதைத் தயங்காமல் சொல்வோம். வீட்டுக்கு வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒரு முறை நான்கு பிளக் பார்க்க அந்தச் செலவு அதிகம்.

கேப் எவ்வளவு என்பதைக் கடைக்காரரிடமோ பக்கத்து வண்டிக்காரரிடமோ கேட்காதீர்கள். காரோடு வந்த கையேட்டில் இருக்கிறது. கையேடு தொலைந்திருந்தால் பானட்டின் உட்புற ஸ்டிக்கரில் சில கார்களில் இருக்கும். என்ஜிகே பிளக் என்றால் அதன் எண்ணே சொல்லும்: கோட்டுக்குப் பிறகு 9 இருந்தால் 0.9, 10 இருந்தால் 1.0, 11 இருந்தால் 1.1 மி.மீ. பிகேஆர்6இ-11 என்ற பிளக்கை எடுத்துக்கொண்டால் 14 மி.மீ. மரை, 16 மி.மீ. அறுகோணம், உள்ளே ரெசிஸ்டர், ஹீட் ரேஞ்ச் 6, மரை நீளம் 19 மி.மீ., கேப் 1.1. ஹீட் ரேஞ்ச் என்பது பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்ற எண், இந்த 6-இல் ஒரு வலை இருக்கிறது. என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடக் கூட பிளக் குளிர்ந்தது. பாஷில் எண் கூடக் கூடச் சூடானது. நம் மெக்கானிக்குகள் இன்னும் மைக்கோ பிளக் என்று சொல்வது இந்த பாஷைத்தான். எண் ஒத்திருக்கிறது என்று ஒன்றுக்கு மற்றொன்றை மாட்டுவது தவறு. கேப் எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் ஹீட் ரேஞ்ச் தவறினால், அதிகம் குளிர்ந்த பிளக்கில் கரி பிடிக்கும், அதிகம் சூடான பிளக் உருகும்.

டர்போ பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றில் கேப் 0.7, 0.8 என்று குறுகலாக இருக்கும். காரணம் எளிது. இடைவெளியில் உள்ள காற்று எவ்வளவு அழுத்தமாக இருக்கிறதோ, அதைத் தாண்டப் பொறிக்கு அவ்வளவு வோல்ட் வேண்டும். வெளியில் திறந்த காற்றில் ஒரு மில்லிமீட்டர் தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறிய நேரத்தில் அது பல மடங்கு. அதனால்தான் பிளக்கை வெளியில் எடுத்து ஹெட்டில் வைத்துப் பொறி பார்ப்பது பாதிச் சோதனைகூட இல்லை. வெளியில் நீலமாக அடிக்கும் பிளக் உள்ளே அடிக்காமல் போகலாம். சிஎன்ஜி கார்களில் தேவைப்படும் வோல்ட் பெட்ரோலைவிட அதிகம். பிளக்கும் சீக்கிரம் தேயும். அந்த வண்டிகளில் கேப்பை அடிக்கடி பாருங்கள், கையேட்டில் சிஎன்ஜிக்கென்று தனி அளவு இருந்தால் அதையே வையுங்கள்.

இனி வேலை. எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். அலுமினிய ஹெட்டில் சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரை பிய்ந்து வரும். ஒரு முறை மரை போனால் ஹெலிகாயில் (புது மரையாகச் செருகும் கம்பிச் சுருள்) போடும் செலவு எத்தனையோ பிளக் விலைக்குச் சமம். காயில் கனெக்டரின் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பெரும்பாலும் 10 மி.மீ. போல்ட் ஒன்றுதான் காயிலைப் பிடித்திருக்கும். காயிலை மெல்லத் திருகியபடி மேலே எடுங்கள். எந்தக் காயில் எந்த சிலிண்டருக்கு என்று வரிசையாக அடுக்கி வையுங்கள். பிறகு பிளக் குழிக்குள் காற்றடித்து மண்ணை ஊதிவிடுங்கள், இதைத் தவறவிடக் கூடாது. பிளக்கைக் கழற்றும்போது அந்த மண்தான் சிலிண்டருக்குள் விழும்.

கழற்றிய பிளக்கை உடனே துடைக்காதீர்கள். நிறம் முதலில். இளம் பழுப்போ சாம்பலோ நல்லது. உலர்ந்த கருப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது மிஸ்ஸிங். எண்ணெய்ப் பசையோடு கருப்பு என்றால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. வெள்ளையாக வெளுத்துக் கொப்புளம் தட்டியிருந்தால் அதிகச் சூடு. இவை எதையும் கேப் திருத்தம் குணப்படுத்தாது. குழிக்குள் மேலேயே ஆயில் தேங்கியிருந்தால் வால்வு கவர் கேஸ்கெட்டையும் டியூப் சீலையும் மாற்ற வேண்டும்.

இப்போது கம்பி கேஜ். 1.0 முதல் 1.1 என்ற அளவுக்கு இப்படிப் பாருங்கள்: 1.0 கம்பி லேசான உரசலோடு நுழைய வேண்டும், 1.1 கம்பி மிக இறுக்கமாக நுழையலாம் அல்லது நுழையாமல் நிற்கலாம். இரண்டும் தடையில்லாமல் ஓடினால் கேப் அதிகம். கம்பியை இடைவெளியில் தள்ளிக் கேப்பை அகலப்படுத்தக் கூடாது. நுழையவில்லை என்றால் வெளியே எடுத்து, பிளவில் கொக்கியைக் கோத்து ஒரு சின்னச் சாய்ப்பு கொடுங்கள். திரும்ப அளங்கள். கொக்கி எஃகு போல் திரும்பி வரும் குணம் உடையது, அதனால் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் நகரும். மூன்று சிறு சாய்ப்பு ஒரு பெரிய சாய்ப்பைவிட நல்லது.

கேப் குறைக்க வேண்டுமானால் நிக்கல் பிளக்கைத் தலைகீழாகப் பிடித்து, கொக்கியின் முதுகு ஒரு மரக்கட்டையில் படும்படி மெல்லத் தட்டுங்கள். சுத்தியல் வேண்டாம், கல்லும் வேண்டாம். இரிடியம், பிளாட்டினம் பிளக்குகளில் தட்டவே கூடாது. பிளவு வழியாகவோ பிளேயர் கருவி வழியாகவோ கொக்கியை இறக்க வேண்டும். எந்தப் பிளக்காக இருந்தாலும் தொழிற்சாலை அளவிலிருந்து 0.2 மி.மீ.க்கு மேல் நகர்த்தாதீர்கள். அதற்கு மேல் வளைத்தால் கொக்கி கோணலாகி, பொறி ஒரு ஓரத்தில் மட்டும் அடிக்கும், அந்த ஓரம் மட்டும் தேயும். 1.1 பிளக்கை 0.7-க்கு நெருக்கி மாட்டுவது இந்தக் கணக்கில் வராது. அந்த அளவுக்கென்று செய்த பிளக்கை வாங்குங்கள்.

கடைசியாக வெளிச்சத்துக்கு எதிரே பிளக்கைப் பிடித்து ஒரு கண்ணால் பாருங்கள். மேலும் கீழும் இரண்டு கோடுகள் இணையாக இருக்க வேண்டும், கொக்கி மையத்துக்கு நேராக வர வேண்டும்.

திரும்ப மாட்டுவதில்தான் அதிக வண்டிகள் கெடுகின்றன. பிளக்கின் தலையில் ஒரு சாண் பெட்ரோல் டியூபைச் செருகி, அதை விரலால் சுழற்றிக் கீழே இறக்குங்கள். மரை சரியாகப் பிடித்தால் டியூபே பிளக்கைச் சுழற்றும். குறுக்கே ஏறினால் டியூப் வழுக்கும், மரை பிழைக்கும். ஸ்பானரை வைத்து முதல் சுற்றையே சுழற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கையால் முட்டும் வரை வந்த பிறகு, புது வாஷருள்ள பிளக்குக்கு அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று. ஏற்கெனவே நசுங்கிய வாஷருள்ள பழைய பிளக்குக்குப் பன்னிரண்டில் ஒரு சுற்று மட்டும். வாஷர் இல்லாத கூம்பு உட்காரும் வகைக்குப் பதினாறில் ஒரு சுற்று. இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் அலுமினிய ஹெட்டில் 14 மி.மீ. மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.க்கு 15 முதல் 20, 10 மி.மீ.க்கு 10 முதல் 12. கையேடு வேறு சொன்னால் கையேடுதான்.

மரையில் கிரீஸ் தடவாதீர்கள். என்ஜிகே போன்றவை மரைக்குப் பூச்சு கொடுத்தே அனுப்புகின்றன. அதன் மேல் கிரீஸோ ஆண்டிசீஸோ பூசினால் உராய்வு குறைந்து, அதே விசைக்குப் பிளக் அதிகமாக இறுகிவிடும், பிளக் நீண்டு உள்ளே முறியவும் கூடும். கடற்கரை ஊரில் துரு பயந்துதான் பலர் தடவுகிறார்கள். அந்தப் பயத்துக்குச் சரியான மருந்து குழியை உலர்வாக வைப்பதும், காயில் ரப்பரின் உள்வாயில் மின்சாரம் கடத்தாத டை-எலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் தடவுவதும்.

இங்கே நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், தேங்காய்த்திட்டு, கடலூரில் தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு என்று கடலோரம் நிற்கும் கார்களில் உப்புக் காற்று காயில் கனெக்டரின் பின்களைப் பச்சையாக்குகிறது, பிளக்கின் அறுகோணத்தில் துரு ஏற்றுகிறது. அந்தப் பச்சை தரும் மிஸ்ஸிங்கும் கேப் தவறினால் வரும் மிஸ்ஸிங்கும் ஓட்டுபவருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். மழை நாளும் அப்படியே. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழை போல வெள்ளம் வந்தால் பிளக் குழியில் தண்ணீர் இறங்கும். பானட்டைத் திறந்து வேகமாகத் தண்ணீர் அடிக்கும் வாட்டர் வாஷிலும் இதே தொல்லை. தண்ணீர் தேங்கினால் பொறி காயில் ரப்பருக்குள் பீங்கான் மேலேயே ஓடிவிடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பீங்கானில் நெடுக்காகக் கருப்புக் கோடு இருக்கும். அதைக் கண்டால் பிளக்கையும் காயில் ரப்பரையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதன் கோடு வழியே புதியதிலும் கோடு விழும்.

கேப்தான் காரணமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. கேப் குறைந்திருந்தால் தொல்லை ஐடிலிங்கில். தீப்பொறி சிறிதாகி, கலவை சில சுற்றுகளில் பற்றாமல் போகிறது. கேப் கூடியிருந்தால் தொல்லை சுமையில். திண்டிவனம் சாலையில் ஏசியோடு, நான்கு பேரோடு முந்துவதற்கு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஜெர்க் அடிக்கும், மெதுவாக ஓட்டினால் சாதுவாகிவிடும். ஸ்கேனர் வைத்தால் பி0301, பி0302 என்று எந்த சிலிண்டர் என்றே காட்டும். பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறி மாறி வருகிறது. குறிப்பிட்ட சிலிண்டரின் காயிலை அடுத்ததோடு மாற்றிப் போடுங்கள். கோளாறு காயிலோடு நகர்ந்தால் காயில், அங்கேயே நின்றால் பிளக்கைப் பாருங்கள். எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்துகொண்டிருக்கிறது.

கூடிய கேப்போடு பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் காயிலும் சாகும். ஒவ்வொரு பொறிக்கும் அதிக வோல்ட் உயர்த்தி உயர்த்தி அதன் உள் இன்சுலேஷன் பழுதாகிறது. ஒரே காயில் இரண்டு பிளக்குக்கு அடிக்கும் கார்களில் இன்னொரு நுட்பம்: ஜோடியில் ஒரு பிளக்குக்குப் பொறி எதிர்த் திசையில் பாய்கிறது, அதில் மைய எலக்ட்ரோடைவிடக் கொக்கி அதிகம் தேயும். அதனால் நான்கையும் அளக்க வேண்டும். ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்கக் கூடாது.

"புதுப் பிளக் கேப் வைத்தே வருகிறதே, எதற்கு அளக்க வேண்டும்" என்ற கேள்வி எப்போதும் வரும். வைத்துத்தான் வருகிறது. ஆனால் லாரியிலிருந்து கடை வரை, கடை மேசையிலிருந்து உங்கள் பை வரை எத்தனை முறை கீழே விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. அட்டைக் குழாய் நுனியைக் காத்தாலும், விழுந்த பிளக்கின் கொக்கி உள்ளே வளைந்திருக்கும். உங்கள் கையிலிருந்தே தரையில் விழுந்தால் அந்தப் பிளக்கை மாட்டாதீர்கள், பீங்கானை நம்ப முடியாது. இரிடியம் பிளக் அளந்ததில் சரியாக இருந்தால் தொடாமல் மாட்டுங்கள். 0.1-க்கு மேல் விலகியிருந்தால் திருத்துவதைவிடக் கடையில் மாற்றுவது மேல். பில் வாங்கியிருந்தால்தான் மாற்றித் தருவார்கள். போலிப் பிளக்கும் நடமாடுகிறது. பீங்கானில் எழுத்து மங்கல், மரையில் பிசிறு, வாஷர் கையோடு கழன்று வருவது, மைய முனை நடுவில் இல்லாதது, நான்கு பிளக்கும் நான்கு கேப் காட்டுவது ஆகியவை அதன் அடையாளங்கள். கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிக்கவும் கேஜ்தான் வேண்டும்.

மணலடித்துப் பிளக் கழுவும் இயந்திரம் பழைய பட்டறைகளில் இன்னும் ஓடுகிறது. நிக்கல் பிளக்குக்கு அவசரத்துக்கு ஒத்துக்கொள்ளலாம், ஆனால் பீங்கானுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டிய மணலை ஊதி எடுத்த பிறகுதான். இரிடியத்துக்குக் கூடவே கூடாது, வயர் பிரஷும் கூடாது. கழுவிய பிளக்கைக் கேப் பார்க்காமல் மாட்டாதீர்கள், மணல் உலோகத்தையும் அரிக்கிறது.

பட்டறையில் விட்டு வேலை வாங்குபவர் என்றால் இரண்டு கேள்வி போதும்: எந்தக் கேஜ், எந்த எண்? "கேப் பார்த்தாச்சு சார்" என்பதற்குப் பதில் "கம்பியில் 1.05 இருக்கு, நாலும்" என்று சொல்லும் மெக்கானிக் கிடைத்தால் அவரை விடாதீர்கள். பழைய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசையோடு திருப்பிக் கேளுங்கள். அவற்றின் நிறமும் தேய்மானமும் உங்கள் எஞ்சினின் பரிசோதனைச் சீட்டு.

கேஜை வாங்கிய பிறகு ஒன்று மட்டும். கம்பியோ பிளேடோ, நம் ஊரில் திறந்து கிடந்தால் ஒரு மழைக்காலத்தில் துரு பிடித்துவிடும். துருப் படலம் தடிமனைக் கூட்டும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தடிமன் குறையும், இரண்டு வழியிலும் எண் போய்விடும். வேலை முடிந்ததும் இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் தொட்ட துணியால் துடைத்து, மூடி இறுகும் டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த முறை அளக்கும் முன் அந்த ஆயிலைத் துடைத்துவிடுங்கள். வளைந்துவிட்ட கம்பியை நிமிர்த்தி வைத்துக்கொள்ளாமல் அந்தக் கேஜை மாற்றிவிடுங்கள்.